ரஜுலாவில் என்ன சாப்பாடு?

2022 ஜூலையில் ஒரு சனி ஞாயிறை ஒட்டி, சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் ஒரு சொகுசுக் கப்பலில் குடும்பத்தோடு இரண்டு இரவு போய்வந்தோம். மகளின் ரொம்ப நாள் நச்சரிப்பு. கூடவே மாகறலிலிருந்து என் பெரியப்பாவையும் அழைத்துப்போனேன். அவருக்கு அப்போது 80 வயது. "கப்பலா? நான் பார்க்காத கப்பலா?" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார்.

முதல் நாள் ராத்திரி சாப்பாட்டு ஹால். வெள்ளைத் துணி விரித்த மேஜை, மடித்து நிறுத்திய நாப்கின், ஆளுக்கு இரண்டு ஃபோர்க். சைவம் தனி, அசைவம் தனி, ஜைன உணவு தனி. கருப்புக் கோட்டு போட்ட ஒரு பையன் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, பெரியப்பாவிடம் குனிந்து என்ன வேண்டும் என்று இந்தியில் கேட்டான். பெரியப்பா மெனு கார்டைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பி, "அவன் சாப்பிட்டானான்னு கேளு" என்றார்.

நான் கேட்டேன். அந்தப் பையன் சிரித்தான். "கடைசி மேஜை முடிஞ்ச பிறகுதான் சார்."

நான் சாஃப்ட்வேர்க்காரன். தினமும் சர்வர்களோடுதான் பிழைப்பு. லோடு தாங்குமா, எத்தனை பேர் ஒரே நேரத்தில் வருவார்கள் என்று கணக்குப் போடுகிறவன். ஆனா இந்த சர்வரைப் பற்றி அந்த நிமிஷம் வரை யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு இதைத் தோண்ட ஆரம்பித்தேன். வழக்கம்போல ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் முழுப் பாவும் கையோடு வந்துவிட்டது.

பெரியப்பா 1964இல், 22 வயதில், பினாங்குக்குக் கப்பல் ஏறினவர். எங்கள் வீட்டில் அப்போது குழித்தறி. அதில் உட்கார அவருக்கு மனசில்லை. பினாங்கில் தெரிந்தவர் ஒருவரின் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதப் போனார். போன கப்பல் ரஜுலா.

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு 'கப்பல்' என்றாலே ரஜுலாதான். கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் என்ற கம்பெனி 1926இல் கட்டியது. சொந்தக்காரர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி தூத்துக்குடி - கொழும்புப் பாதையில் எதிர்த்து நின்றாரே, அதே கம்பெனி. சுதேசிக் கப்பலை ஒழிக்க அவர்கள் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் டிக்கெட்டே வேண்டாம், ஏறுகிறவருக்குக் குடையும் இலவசம் என்றார்கள் என்ற கதை நம் எல்லோருக்கும் தெரியும். பயணிகளுக்கு இனாம் கொடுத்துக் கவர்வது இன்றைய கப்பல் கம்பெனிகள் கண்டுபிடித்த வித்தை இல்லை.

ரஜுலா சென்னையிலிருந்து கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, வங்காள விரிகுடாவைக் கடந்து பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். போர்ட் ஸ்வெட்டன்ஹாமுக்கு இப்போது கிள்ளான் துறைமுகம் என்று பேர். பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். நாகையில் கப்பல் கரைக்கு வர ஆழம் கிடையாது. கடலில் தள்ளி நிற்கும், ஜனங்கள் படகில் போய் ஏறவேண்டும்.

கப்பலின் நீளம் சுமார் 145 மீட்டர். புதிதாக வந்தபோது அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிக்கொள்ள அனுமதி இருந்தது. அறை எடுத்துப் போகிறவர்கள் அதற்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி. எண்ணை மறுபடி படியுங்கள்: ஐயாயிரம். எங்கள் ஊரையே கொண்டுபோய் ஏற்றினாலும் இடம் மிச்சம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்த அனுமதி பின்னாளில் வெகுவாகக் குறைக்கப்பட்டது.

டெக் பயணி என்றால் படுக்கை இல்லாத பயணி. சட்டமே அவர்களை அப்படித்தான் அழைத்தது. டிரங்குப் பெட்டியை ஒரு பக்கம் தள்ளி, பாயோ ஜமக்காளமோ விரித்தால் அதுதான் அறை, அதுதான் சாப்பாட்டு ஹால். மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணி வழியாகப் போன லட்சக்கணக்கான தமிழர்கள் போனது இப்படித்தான். 1938இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பைத் தடை செய்யும் வரை அந்த ஓட்டம் நிற்கவில்லை. கரை சேர்ந்த பிறகும் வித்தியாசம் தொடர்ந்தது. டெக்கில் வந்தவர்களை நோய்த் தடுப்பு என்று சொல்லி பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவிலோ சிங்கப்பூருக்குத் தெற்கே செயின்ட் ஜான்ஸ் தீவிலோ இறக்கி வைப்பார்கள். அறையில் வந்த துரைமார்கள் நேரே ஊருக்குள் போய்விடலாம்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். ஏன்னா நம்ம ஆட்களுக்குக் கடல் பயணத்தில் பெரிய சிக்கல் தண்ணீர் இல்லை, தட்டுதான்.

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரிலா தீட்டு இருக்கிறது? கப்பலில் யார் சமைத்ததை, யாரோடு உட்கார்ந்து, எந்தப் பாத்திரத்தில் சாப்பிடுகிறாய் என்பதில்தான் இருந்தது. காந்தி 1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து கிளைட் என்ற கப்பலில் லண்டன் போனார். எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லை என்று கேட்கக் கூச்சம், கத்தி முள்கரண்டி பிடிக்கவும் தெரியாது. வீட்டிலிருந்து கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே சாப்பிட்டுக்கொண்டு போனார் என்று சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். வசதியான வகுப்பில் போயும் அவருக்கு அந்த மேஜை எட்டவில்லை.

கணிதமேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து நெவாசா என்ற கப்பலில் ஏறினார். அதுவும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல்தான். ஏறுவதற்கு முன்பே குடுமி போய் கிராப்பு வந்துவிட்டது. சாப்பாட்டை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கேம்பிரிட்ஜிலும் தானே சமைத்துச் சாப்பிட்டார்.

இவர்கள் எல்லாம் அறை எடுத்துப் போனவர்கள், பெயர் தெரிந்தவர்கள். சரி, அந்த மேஜையில் பரிமாறியது யார்?

இந்தக் கேள்விக்கு வருகிற பதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை ஊர்வாரியாகப் பிரிந்திருந்தது. சாப்பாட்டு ஹாலிலும் சமையல்கட்டிலும் பெரும்பாலும் கோவாக்காரர்கள். மேல்தளத்து வேலைக்குக் குஜராத், ரத்னகிரிப் பக்கத்து மாலுமிகள். கீழே அனல் கக்கும் எஞ்சின் அறையில் கரி தள்ள பஞ்சாபிகள், பட்டாணியர், சில்ஹெட்காரர்கள். மொத்தமாக லஸ்கர்கள் என்று பெயர். கூட்டத்துக்குச் சமைக்கிறவர் பண்டாரி. ஒரே கப்பலில் வெள்ளைக்கார மாலுமிக்குக் கிடைத்த சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் லஸ்கருக்கு. சாப்பாட்டு அளவும் குறைவு, படுக்க இடமும் குறைவு. இது யாரோ ஒரு கேப்டன் செய்த அக்கிரமம் இல்லை. ஒப்பந்தத்திலேயே எழுதி, சட்டத்தின் துணையோடு நடந்த ஏற்பாடு. துரை மேஜையில் மதியச் சாப்பாட்டுக்கு வழக்கமாக வரும் கறி சோறு, அரைச் சாப்பாட்டுக்காரர்களின் கையால் வந்தது.

ரஜுலா 1970களின் தொடக்கம் வரை ஓடியது. 1973இல் ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா அதை வாங்கியது. அடுத்த ஆண்டே உடைக்கப் போய்விட்டது. அதே 1973இல் அந்த நிறுவனம் பிரான்சிலிருந்து இன்னொரு கப்பலை வாங்கியது. 1966இல் பஸ்தேர் என்ற பெயரில் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றுக்காகக் கட்டிய கப்பல் அது. குளிரூட்டிய அறை, நீச்சல் குளம் என்று வசதிக்குக் குறைவில்லாத கப்பலுக்கு நம்மவர்கள் வைத்த பெயர் எம்.வி. சிதம்பரம். அறைகளைக் குறைத்து, அடுக்குப் படுக்கைகள் போட்டு, ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் போகிற மாதிரி மாற்றினார்கள். பாய் விரித்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறைக்கு மெத்தை கிடைத்தது.

தொழில் புத்தி சும்மா இருக்குமா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1500 பேர், மூன்று வேளை, ஏழு நாள்: 31,500 சாப்பாடு. நடுக்கடலில், கடை கண்ணி இல்லாத இடத்தில், ஆடுகிற அடுப்பில். இன்றைய கப்பல்களின் சமையல்கட்டைப் பார்த்து வாயைப் பிளக்கிறோம். அந்த வேலையை நம்ம சென்னை - சிங்கப்பூர்ப் பாதையில் ஏற்கனவே செய்துகாட்டியவர்கள் இருந்திருக்கிறார்கள்.

1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் சென்னைக்குத் திரும்பும் வழியில் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். கப்பல் அதன்பின் பயணிகளோடு ஓடவில்லை, அந்த ஆண்டே உடைக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து மலேசியா, சிங்கப்பூருக்குக் கப்பலில் போகும் காலம் அத்தோடு முடிந்தது.

சிதம்பரம் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர்த் தலபுராணம் ஞாபகம் வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரையில் மாகறல். சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். சோழன் காலத்தில் இங்கே ஒரு அதிசயப் பலா மரம் இருந்ததாம். தினம் ஒரு பழம் காய்க்கும். அந்தப் பழத்தை ஊர்க்காரர்கள் முறைபோட்டுச் சிதம்பரத்துக்குச் சுமந்துபோகவேண்டும். நடராஜருக்குப் படைத்த பிறகு அது அரசனுக்குப் பிரசாதம். ஒருநாள் முறை வந்த வீட்டில் ஒரு சிறுவன்தான் இருந்தான். ஊர் முழுக்க இப்படித் தினமும் சுமந்து சாகவேண்டுமா என்று யோசித்தவன், மரத்தையே எரித்துவிட்டான். அரசன் அவனை நாடு கடத்தச் சொன்னான் என்று கதை போகிறது. இதை வரலாறு என்று நான் சொல்லவரவில்லை. சின்ன வயதில் கேட்டபோது பழத்தின் ருசியைத்தான் கற்பனை செய்வேன். இப்போது கேட்டால் சுமந்தவன் கால்தான் தெரிகிறது.

நல்ல வேளையாக, கடலில் மரத்தை எரிக்காமலே கொஞ்சம் மாறியிருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006இல் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்டது. கப்பல் ஊழியருக்குச் சாப்பாடும் குடிநீரும் இலவசமாகத் தரவேண்டும், சமையல்காரர் பயிற்சி பெற்றவராக இருக்கவேண்டும், அந்தச் சாப்பாடு அவரவர் மதத்தையும் வழக்கத்தையும் மதிப்பதாக இருக்கவேண்டும் என்கிறது. வேலை நேரத்துக்கு வரம்பு வைத்தால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 14 மணி நேரம், வாரத்துக்கு 72. ஓய்வை வைத்துக் கணக்கிட்டால் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு. 14 மணி என்பது சலுகை இல்லை, வரம்பு! ஐ.டி.யில் நாங்கள் போடும் 'ரிலீஸ்' ராத்திரிகள் ஞாபகம் வந்தது. ஆனா எங்களுக்கு அது எப்போதாவது.

இந்தத் தேடலில் என்னை உறுத்திய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலக் கப்பல்களின் முதல் வகுப்பு மெனு கார்டுகள் இன்றும் கிடைக்கின்றன. ஏலத்தில் விற்கிறார்கள், கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். எந்த வருஷம், எந்தத் தேதி, ராத்திரி என்ன சூப் என்பது வரை தெரிந்துகொள்ளலாம். டெக்கில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு மெனு கார்டு ஏது? அவர்கள் சாப்பிட்டது அவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. 1964இல் 22 வயது என்றால் இப்போது என்ன வயது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு அதிக நேரம் இல்லை. நானே 2022இல் இரண்டு நாளில் அறுபது படம் எடுத்திருக்கிறேன். எல்லாம் தட்டுகள். அந்தப் பையனின் முகம் ஒன்றில்கூட இல்லை.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாகறல் போய், திண்ணையில் உட்கார்ந்து, "பெரியப்பா, ரஜுலாவில் என்ன சாப்பாடு?" என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். இதுதான் அந்த டெக்கின் மெனு கார்டு, எனக்குக் கிடைத்த வரையில்.

முதல் இரண்டு நாள்: வீட்டிலிருந்து கொண்டுபோன புளியோதரை. மூன்றாம் நாள் காலை புளித்துவிட்டது, பாதியைக் கடலில் போட்டாச்சு. "பாட்டி பார்த்திருந்தா அழுதிருப்பா."

மூன்றாம் நாளிலிருந்து: காலையில் டீ, ரொட்டி. மதியம் மணி அடிப்பார்கள், தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கவேண்டும். சோறு, பருப்புக் குழம்பு, உருளைக்கிழங்கு. ராத்திரியும் அதேதான், குழம்பு கொஞ்சம் தண்ணியாக இருக்கும். பக்கத்துப் பாயில் ஒரு ராமநாதபுரத்து பாய் குடும்பம். அவர்கள் ஊறுகாய் கொடுத்தார்கள், இவர் மிச்சம் இருந்த முறுக்கைக் கொடுத்தார்.

"பினாங்கு வர்றதுக்கு முந்தின ராத்திரி பாயசம் ஊத்துனாங்க. ஊத்துனவர் வயசானவர், கை நடுங்குச்சு. எந்த ஊர்னு கேட்கணும்னு நினைச்சேன். பின்னாடி ஆள் தள்ளிட்டாங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவரே சொன்னார்: "அவர் சாப்பிட்டாரான்னும் கேட்கலை."