உப்புத் தண்ணீர், கும்மிருட்டு, ஒரு மணி நேரம்... ஃப்ளோட் டேங்குக்குள் என்ன நடக்கிறது?

ராத்திரி 11 மணி. `இன்னிக்காவது சீக்கிரம் தூங்கிடணும்'னு போனைத் தலைமாட்டில் கவிழ்த்து வைக்கிறீர்கள். அடுத்த நிமிஷமே, பதில் போடாத மெயில் ஞாபகம் வருகிறது. அப்புறம் இ.எம்.ஐ. அப்புறம் ரெண்டு வருஷம் முன்னாடி யாரோ சொன்ன ஒரு வார்த்தை. கை தானாகப் போனைத் தேடுகிறது. மணி 1.

இப்படி இருக்கிறவர்களைக் குறிவைத்துத்தான் ரீல்ஸில் அடிக்கடி எட்டிப்பார்க்கிறது `ஃப்ளோட் டேங்க்'. முட்டை வடிவத் தொட்டி, நீல வெளிச்சம், தண்ணீரில் மல்லாந்து மிதக்கும் ஒருவர். `ஒரு மணி நேரத்தில் மனசு காலி'ன்னு கேப்ஷன். காசு கட்டி உள்ளே இறங்குறதுக்கு முன்னாடி, அது என்ன சமாசாரம்னு தெரிஞ்சுக்கலாமா?

விஷயம் ரொம்ப சிம்பிள். சுமார் ஓர் அடி ஆழத் தண்ணீர். அதில் 350 முதல் 500 கிலோ வரை எப்சம் சால்ட். மாடித்தோட்டத்தில் ரோஜாச் செடிக்குப் போடுவோமே, கால் வீங்கினால் வெந்நீரில் கலந்து முக்கி வைப்போமே, அதே மெக்னீசியம் சல்பேட்தான். நாட்டு மருந்துக் கடையில் `பேதி உப்பு'ன்னு கேட்டாலும் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். பள்ளிக்கூடத்தில் உப்புத் தண்ணியில முட்டையை மிதக்கவிட்ட பரிசோதனை ஞாபகம் இருக்கா? இங்கே முட்டை, நீங்கள். நீச்சல் தெரியவே வேண்டாம். அமுக்கினாலும் உடம்பு மேலே வந்துவிடும்.

தண்ணீரின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ், அதாவது நம் தோலின் வெப்பநிலை. சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. அசையாமல் படுத்திருந்தால், உடம்பு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்பதே கொஞ்ச நேரத்தில் புரிபடாமல் போய்விடும். காது தண்ணீருக்குள், விளக்கு அணைந்திருக்கும். பார்க்க, கேட்க, தொட எதுவுமில்லை.

இதைக் கண்டுபிடித்தவருக்கு `ரிலாக்ஸ்' என்ற எண்ணமே கிடையாது. 1954-ல் அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் லில்லி என்ற டாக்டருக்கு ஒரு சந்தேகம். வெளியிலிருந்து எந்தத் தூண்டுதலும் வராவிட்டால் மூளை தூங்கிப்போகுமா, விழித்திருக்குமா? தலையை முழுசாக மூடும் முகமூடி வழியாக மூச்சுவிட்டபடி, அவரே தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்தார். மூளை தூங்கவில்லை. பின்னாளில் அவர் எல்.எஸ்.டி, கெட்டமைன் எல்லாம் எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் போனதால், இந்தத் தொட்டிக்கே ஒரு `கிறுக்குத்தனமான' பெயர் ஒட்டிக்கொண்டது. 1980-ல் வந்த `ஆல்டர்ட் ஸ்டேட்ஸ்' படம் அதை இன்னும் ஊதிப் பெரிதாக்கியது.

1970-களில் கிளென் பெர்ரி என்ற கம்ப்யூட்டர் புரோகிராமர், உப்புத் தண்ணீர்த் தொட்டியைச் செய்து விற்க ஆரம்பித்தார். கம்பெனிக்கு வைத்த பெயர், `சமாதி'. யோகத்தின் சமாதி நிலையை நினைத்து வைத்தது. நம்ம ஊர்ல அந்தப் பெயரில் மூடி போட்ட தொட்டியை விற்றால் யார் உள்ளே படுப்பாங்க!

`புலன்களை அடைத்தால் பைத்தியம் பிடிக்காதா?'

நியாயமான பயம்தான். 1950-களில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப் குழுவினர், மாணவர்களுக்கு நாளுக்கு 20 டாலர் கொடுத்து, கண்ணில் மங்கலான கண்ணாடி, கையில் உறை மாட்டிச் சும்மா படுக்கவைத்தார்கள். பெரும்பாலானவர்களால் இரண்டு, மூன்று நாளுக்கு மேல் தாங்க முடியவில்லை. இல்லாத உருவங்களைப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் அது நாள்கணக்கு. இது 60 முதல் 90 நிமிடம். `போதும்'னு தோன்றினால் எழுந்து வரலாம், கதவுக்குப் பூட்டு கிடையாது. இந்த ஒரு வித்தியாசம் சின்னதில்லை. தனிமைச் சிறையில் தண்டனையாக இருக்கும் அதே இருட்டு, கதவு நம் கையில் இருக்கும்போது வேறு ஒன்றாகிவிடுகிறது.

சரி, பலன் உண்டா? 2018-ல் அமெரிக்காவின் துல்சா நகரில் இருக்கும் லாரியட் மூளை ஆய்வு நிறுவனத்தில் ஜஸ்டின் ஃபைன்ஸ்டீன் குழுவினர், பதற்றப் பிரச்னை உள்ள 50 பேரை ஒரு மணி நேரம் மிதக்கவிட்டார்கள். அவர்களில் பலருக்கு மனச்சோர்வும் இருந்தது. மிதந்து வந்த பிறகு பதற்றம் கணிசமாகக் குறைந்திருந்தது. ஆனால், மிதக்காத இன்னொரு குழுவோடு ஒப்பிட்ட ஆய்வு இல்லை அது. ஒரே ஒரு தடவைக்குப் பிறகு எடுத்த கணக்கு. ஆகவே `ஃப்ளோட் பண்ணினா டிப்ரெஷன் போயிடும்'னு யாராவது பேக்கேஜ் விற்றால் நம்பாதீர்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

அதே குழுவின் இன்னொரு கவனிப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. வெளிச் சத்தம் அடங்கியதும், மிதந்தவர்களுக்குத் தங்கள் மூச்சும் இதயத்துடிப்பும் துல்லியமாகத் தெரிய ஆரம்பித்திருக்கின்றன. அப்படிப் பார்த்தால் `புலன் இழப்பு' என்ற பெயரே தப்பு. கவனம் வெளியிலிருந்து உள்ளே திரும்புகிறது, அவ்வளவுதான். தியானத்தில் `மூச்சைக் கவனி' என்று சொல்லும்போது தடுமாறுகிறவர்களுக்கு, இங்கே கவனிக்க மூச்சைத் தவிர வேறு எதுவுமே இருக்காது.

முதல் தடவை போறீங்களா?

அன்றைக்கு ஷேவிங், வேக்ஸிங் வேண்டாம். அந்த உப்பு பட்டால் எரிச்சல் உயிர் போகும். சின்னக் கீறல் இருந்தால் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள். காபி குடித்துவிட்டோ, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டோ போகாதீர்கள். உள்ளே போகும் முன் குளியல் கட்டாயம். ஈரக்கையால் கண்ணைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டால், பக்கத்தில் வைத்திருக்கும் நல்ல தண்ணீரால் உடனே கழுவுங்கள். ஒவ்வொருவருக்கும் நடுவில் தண்ணீரை எப்படி வடிகட்டுகிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

வலிப்பு, சிறுநீரகப் பிரச்னை, குறைந்த ரத்த அழுத்தம், தோல் தொற்று உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். குடித்துவிட்டு இறங்கவே கூடாது. மூடிய இடம் என்றால் பயமா? மூடியைத் திறந்தே வைக்கலாம். சின்ன விளக்கும் எரியட்டும். துல்சா ஆய்வில் பயன்படுத்தியதே மூடியில்லாத குளம்தான்.

உள்ளே போனதும் நிம்மதி கொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆரம்பத்தில் கழுத்தை எப்படி வைப்பதென்றே தெரியாது. தலையை விட்டால் மூழ்கிடுமோன்னு கழுத்து தானாக விறைத்துக்கொள்ளும். இரண்டு கையையும் தலைக்கு மேலே கொண்டுபோனால் கொஞ்சம் தளரும். அதற்கப்புறம் மெயில், இ.எம்.ஐ எல்லாம் வரிசைகட்டி வரும். வரட்டும். எடுத்துப் பார்க்கத்தான் கையில் போன் இல்லையே. சிலருக்கு அப்படியே தூக்கம் வந்துவிடும். முகம் மேலேதான் இருக்கும், புரள முடியாது, பயமில்லை.

ஆனால், இதை வீட்டு பாத்டப்பில் இரண்டு பாக்கெட் எப்சம் சால்ட் போட்டுச் செய்து பார்க்காதீர்கள். அந்த அளவு உப்பு உங்களைத் தூக்கிப் பிடிக்காது. கண் அசந்தால் மூழ்கும் ஆபத்து நிஜம். டேங்க் பக்கத்தில் இல்லையா? விளக்கை அணைத்து, போனை வேறு அறையில் போட்டுவிட்டு, தரையில் பாய் விரித்து 20 நிமிஷம் அசையாமல் படுத்துப் பாருங்கள். மிதக்க மாட்டீர்கள். ஆனால், மூச்சு கேட்கும்.