14உம் 15உம் இடம் மாறினால்

கரவெட்டியில் அக்காவின் மகள் இரண்டு நாளாகக் கைபேசியில் எண் புதிரோடு மல்லுக்கட்டினாள். 16 கட்டம், 15 எண், ஒரு வெற்றிடம். கடைசியில் 14உம் 15உம் மட்டும் இடம் மாறி நின்றன. பிழை அவளுடையதல்ல, விளையாட்டை எழுதியவருடையது.

ஒவ்வொரு நகர்வும் வெற்றிடத்துக்கும் ஓர் எண்ணுக்குமான இடமாற்றம். மூலையிலிருந்து புறப்பட்ட வெற்றிடம் அதே மூலைக்குத் திரும்ப எப்போதும் இரட்டைப்படை நகர்வுகள் வேண்டும். ஒரேயொரு சோடியை மாற்றுவதோ ஒற்றைப்படை. 1879இல் ஜோன்சனும் ஸ்டோரியும் இதை நிறுவிவிட்டார்கள். அதன் பிறகும் இதைத் தீர்ப்பவருக்கு 1000 டொலர் தருவதாகச் சொன்னவர் சாம் லொயிட். புதிரே தன்னுடையது என்றும் சொல்லித் திரிந்தார். அது நியூயோர்க் மாநிலத் தபாலதிபர் நோயஸ் சப்மனுடையது.

கணினி எண்களைக் கண்டபடி அடுக்கினால் பாதி அடுக்குகள் தீரவே தீரா. தீர்ந்த நிலையில் தொடங்கி, நகர்த்தி நகர்த்தியே கலைக்க வேண்டும்.