கயிறு யார் கையில?

எங்க தூத்துக்குடிப் பக்கம் அந்தக் காலத்துல முத்துக்குளிச்சவர் கல்லோட கடலுக்குள்ள இறங்குவார். தோணியில கயிறு பிடிச்சது மச்சான், அதாவது பொண்டாட்டியோட கூடப்பிறந்தவன். ஏன்னா, கயிறை விட்டா தாலி அறுக்கிறது அவன் அக்கா தங்கச்சின்னு ஊர்ல சொல்வாங்க.

இப்போ 1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து பெங்களூருக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605. ஏ320, அன்னைக்கு இந்தியாவுக்குப் புத்தம் புதுசு. இறங்குற நேரத்துல கணினி தப்பான மோடுல இருந்துச்சு. இன்ஜின் ஐடில்ல. வேகம் குறைஞ்சுகிட்டே வந்ததை ரெண்டு விமானிகளும் கவனிச்சப்போ ரொம்ப லேட். ஓடுபாதைக்கு முன்னாடியே கோல்ஃப் மைதானத்துல விழுந்துச்சு. 146 பேரில் 92 பேர் இறந்தாங்க.

பழைய விமானங்கள் பலதுல ஆட்டோத்ராட்டில் வேலை செஞ்சா லீவரும் கூடவே நகரும், கைக்குத் தெரியும். ஏ320-ல நகராது. எந்த மோடுங்கிறது திரையில சின்ன எழுத்தா மட்டும் இருக்கும்.

மச்சானுக்குக் கயிறு அசையறது உள்ளங்கையில தெரிஞ்சுது. நானும் கோடு எழுதுறவன்தான். அலர்ட் வரும்னு நம்பி டாஷ்போர்டைப் பார்க்காம தூங்குன ராத்திரி எனக்கும் உண்டு. மெஷின் பிடிச்சிருக்குன்னு நாம நினைக்கிற கயிறை, நிஜமா யார் பிடிச்சிருக்கா?