யார் சொன்னது என்று கேட்கிறோமா? மாணவர்களின் இணைய மருத்துவத் தேடல்

மாதவிடாய் தள்ளிப்போவது, முடி கொட்டுவது, தூக்கமின்மை, மனக்கலக்கம். கல்லூரிப் பிள்ளைகள் இவற்றை முதலில் உம்மாவிடமோ மருத்துவரிடமோ சொல்வதில்லை, கைப்பேசியில்தான் தேடுகிறார்கள். வெட்கம் ஒரு காரணம். விடுதி அறையில் இரவு ஒரு மணிக்கு மருத்துவர் கிடைக்கமாட்டார் என்பது இன்னொன்று. தேடுவதைக் குறை சொல்வதற்கில்லை. மார்க்கத்தைக் கற்பதற்கு அன்ஸாரிப் பெண்கள் வெட்கத்தைத் தடையாக்கிக்கொள்ளவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பதில் யாரிடமிருந்து வருகிறது என்பதில்தான் சிக்கல்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகிய இருவரும் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அங்கு பயிலும் 25 மாணவர்கள், 10 வரலாற்றாய்வாளர்கள், 10 செய்திச் சரிபார்ப்பாளர்கள் அதில் பங்கேற்றனர். பள்ளிகளில் நடக்கும் கொடுமைப்படுத்தல் குறித்துக் குழந்தை மருத்துவர்களின் இரண்டு அமைப்புகள் எழுதியவற்றைக் காட்டி, எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930-ல் தொடங்கப்பட்டு, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அமைப்பு. மற்றது கொள்கைச் சர்ச்சை ஒன்றில் 2002-ல் அதிலிருந்து பிரிந்துபோன சில நூறு பேரின் குழு. மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிறு குழுவையே தேர்ந்தெடுத்தனர். பக்கத்தின் நேர்த்தியும் கீழே இருந்த ஆதாரப் பட்டியலும் அவர்களைக் கவர்ந்துவிட்டன. வரலாற்றாய்வாளர்களிலும் சிலர் தடுமாறினர். சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. வேறு தாவல்களைத் திறந்து, இவர்கள் யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். உண்மை சீக்கிரமே தெரிந்துவிட்டது.

மதரஸாவில் உஸூலுல் ஹதீஸ் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. மத்ன் எவ்வளவு அழகாக இருந்தாலும் அறிவிப்பாளர் யார் என்று விசாரிக்காமல் நம் இமாம்கள் ஏற்கவில்லை. அதற்கென்றே இல்முர் ரிஜால் என்ற தனிக் கலை வளர்ந்தது. வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவச் செய்திக்கு மட்டும் நாம் இஸ்னாத் கேட்பதில்லை!

ஸனது சரியாக இருந்தும் சறுக்கும் இடம் உண்டு. கருஞ்சீரகம் பற்றிய நபிமொழி புகாரியில் இடம்பெற்ற ஸஹீஹான ஹதீஸ், அதில் சந்தேகமில்லை. ஆனால், "ஆகவே இன்சுலினை நிறுத்திவிடுங்கள்" என்பது ஹதீஸில் இல்லை. காணொளி போட்டவர் சேர்த்தது. அந்த ஹதீஸின் பொதுவான சொல்லுக்குக் குறிப்பான பொருளே நாடப்பட்டுள்ளது என்று இமாம் கத்தாபி (ரஹ்) விளக்கியுள்ளார்கள். கருஞ்சீரகத்தைச் சாப்பிடலாம். மாத்திரையை நிறுத்துவதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இதன் மறுபக்கம் பயம். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ரயன் வைட், எரிக் ஹார்விட்ஸ் 2008-ல் கண்டறிந்தபடி, தலைவலி என்று தேடினால் மூளைக்கட்டி பற்றிய பக்கங்கள் அதன் உண்மையான வாய்ப்பைவிட மிக அதிகமாக வந்து நிற்கின்றன. தேர்வுக் காலத்தில் தூங்காததால் வந்த தலைவலியோடு தேடத் தொடங்கும் பிள்ளை, விடிவதற்குள் தனக்குப் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடுகிறது.

ஆங்கிலம் படிக்கும் மாணவர்கள் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ், பிரிட்டனின் என்எச்எஸ், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் தளங்களிலிருந்து தொடங்கலாம். எழுதியவர் அந்தத் துறையின் மருத்துவரா, எப்போது திருத்தப்பட்டது, அதே பக்கத்தில் மருந்தும் விற்கிறார்களா என்று பாருங்கள். முகவரி 'டாட் ஆர்க்' என்று முடிவது எதற்கும் அத்தாட்சியல்ல. அதை யாரும் வாங்கலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் பதிலுக்கும் மூலம் எதுவென்று கேட்டு, அந்த மூலத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானபோது, தயம்மும் செய்யச் சலுகை இல்லை என்று உடனிருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபித்து, தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்று கண்டித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. சொன்னவர்கள் கெட்டவர்களல்லர், உடன் பயணம் செய்த தோழர்கள்.

பிள்ளை எதையோ படித்துவிட்டு வந்து கேட்டால் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். எங்கே படித்தாய் என்று கேட்டு, அந்தப் பக்கத்தோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் தேடவே வேண்டாம்; நேரே மருத்துவமனைதான். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். இலங்கையில் 1926.