பாட்டு நின்றால் தெரியும்

தூத்துக்குடிக்காரர்களுக்குச் சென்னையைவிடக் கொழும்பு கிட்டம். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் அந்தக் கொழும்பு ரூட்டுக்காகத்தான். வெள்ளைக்காரக் கம்பெனியின் ஏகபோகத்தை உடைத்த கதை உங்களுக்குத் தெரியும். அதே கடலுக்கு மேலே இன்னொரு ஏகபோகமும் உடைந்தது. இந்தமுறை எதிர்த்திசையில் இருந்து. வந்தது கப்பல் அல்ல, பாட்டு!

1952. மத்திய செய்தி ஒலிபரப்பு மந்திரியாக பி.வி.கேஸ்கர் வந்தார். சாஸ்திரிய சங்கீதப் பிரியர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பினார். விழுந்தது கத்திரி. படத் தயாரிப்பாளர்களும் முறைத்துக்கொள்ள, ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு காணாமலே போனது.

அப்போதெல்லாம் ரேடியோ வைத்திருந்தால் வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்டவேண்டும். காசு நம்முடையது. ரசனை மட்டும் மந்திரியுடையதா? யாரிடம் போய்க் கேட்பது?

ஜனங்கள் மனுப் போடவில்லை, ஊர்வலம் போகவில்லை. குமிழைத் திருகினார்கள். அந்தப் பக்கம் ரேடியோ சிலோன் பாடிக்கொண்டிருந்தது. நாடே அந்தப் பக்கம் சாய்ந்ததும் டெல்லி இறங்கிவந்தது. 1957 அக்டோபர் 3-ம் தேதி விவித பாரதி பிறந்தது. பிற்பாடு தூத்துக்குடியிலேயே 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் வைத்து, இலங்கையை நோக்கி நாமும் ஒலிபரப்பினோம்.

ஜனங்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று முடித்துவிடலாமா? அவசரப்படாதீர்கள்.

1975-ல் எமர்ஜென்சி. ஆல் இந்தியா ரேடியோவை 'ஆல் இந்திரா ரேடியோ' என்று ஜனங்கள் கேலி செய்த காலம். அரசாங்கத்தோடு ஒத்துழைக்க மறுத்தார் என்று கிஷோர் குமாரின் பாடல்களுக்கு ரேடியோவில் தடை. பின்னாளில் ஷா கமிஷன் இதை விசாரித்தது.

ரேடியோவும் அலைவரிசையும் யாருக்குச் சொந்தம்? இரண்டு கரையிலுமே கோர்ட் பதில் சொல்லியிருக்கிறது. அலைவரிசை பொதுச்சொத்து என்றது நம் சுப்ரீம் கோர்ட், 1995-ல். ஒலிபரப்பை மேற்பார்க்கும் அமைப்பு அரசாங்கத்தின் பிடியில் இருக்கக்கூடாது என்று ஒரு மசோதாவையே மறித்தது இலங்கை உச்ச நீதிமன்றம், 1997-ல். அதே வருஷம்தான் இங்கே பிரசார் பாரதி நடைமுறைக்கு வந்தது. சட்டம் போட்டது 1990-ல். பெயர் தன்னாட்சி. பணம் வருவது என்னவோ டெல்லி கஜானாவில் இருந்துதான். அதாவது, உங்கள் வரியிலிருந்து.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். பாட்டை நிறுத்தினால் காதுக்கு உடனே தெரிந்துவிடும். வேறு ஸ்டேஷனுக்குப் போய்விடலாம். செய்தியை நிறுத்தினால்? அப்படி ஒரு செய்தி இருந்ததே தெரியாதே! தெரியாத ஒன்றைத் தேடி யார் குமிழைத் திருகுவார்கள்?

கேஸ்கரைத் தோற்கடிக்கக் கை போதுமாக இருந்தது. செய்திக்கு அது போதாது. யார், எதை, ஏன் நிறுத்தினார்கள் என்று சட்டப்படி பதில் சொல்லவைக்க வேண்டும். ஷா கமிஷன் மாதிரி, எல்லாம் முடிந்தபிறகு அல்ல. அன்றன்றைக்கே!