விக்கிரவாண்டியைக் கடந்து போன கம்பிகள்

சென்னையிலிருந்து தெற்கே நீளும் பாதைகளில் முக்கியமானவை விக்கிரவாண்டியைத் தொட்டே போகின்றன. 1870-களில் போடப்பட்ட மீட்டர்கேஜ் ரயில் பாதை இந்த ஊர் வழியாகத்தான் விழுப்புரம் போனது; தண்டவாளத்தை ஒட்டித் தந்திக் கம்பியும் போனது. பின்னாளில் தேசிய நெடுஞ்சாலை 45 என்று பேர் பெற்ற திருச்சி சாலையும் இதே வழிதான். பண்ருட்டி, நெய்வேலி, கும்பகோணம், தஞ்சாவூர் போகிற சாலை பிரிவதும் இங்கேதான். ஆகவே செய்தியைச் சுமந்து ஊருக்கு ஊர் ஓடும் பெருங்கம்பிக்கு இந்த ஊரில் ஒருபோதும் குறை இருந்ததில்லை. அந்தக் கம்பியிலிருந்து ஒரு கிளை பிரிந்து வீட்டுக்குள் நுழைவதுதான் தலைமுறைக் கணக்கில் தாமதமானது. கம்பிவழி பிராட்பேண்ட் இந்தியாவில் எப்படி வளர்ந்தது, இனி எப்படி வளரும் என்ற கேள்விக்கு இந்தத் தாமதத்துக்குள் பதில் இருக்கிறது என்பது என் கருத்து. கடைசிச் சில நூறு மீட்டர் கம்பிக்கு யார் பொறுப்பு, அது அறுந்தால் அன்றைக்கே ஏணியோடு யார் வருவார், அப்படி வருவதில் அவருக்கு வருமானம் உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்த காலங்களில் இணைப்புகள் பெருகின. இல்லாத காலங்களில், எவ்வளவு பணம் கொட்டினாலும் சுருங்கின.

தொலைபேசிக் காலத்திலேயே இதைப் பார்க்கலாம். 1994-ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, 1997-க்குள் எல்லாக் கிராமங்களுக்கும் தொலைபேசி வந்துவிடும் என்றது. வரவில்லை. பல கிராமங்களில் கம்பி இழுப்பதற்குப் பதிலாக ரேடியோ மூலம் இயங்கும் பொதுத் தொலைபேசியை வைத்தார்கள். பாட்டரி போனால், ஆன்டெனா திரும்பினால், பழுது பார்க்க வருவதற்கு ஆள் இல்லாமல் அவை ஊமையாயின. அதே காலத்தில் கடைத்தெரு எஸ்டிடி பூத்துகள் செழித்தன. லைன் செத்தால் பூத்துக்காரருக்கு அன்றைய வரும்படி போச்சு. அதனால் எக்ஸ்சேஞ்சுக்கே போய் உட்கார்ந்து லைன்மேனைக் கையோடு அழைத்து வந்தார். கருவியைவிட அதைக் காப்பாற்றுகிற ஆளின் நிலைமைதான் இரண்டு கதைகளையும் வேறாக்கியது.

இணையம் வந்தபோது இந்த வட்டாரம் ஒரு முன்னோடிச் சோதனைக்குக் களமானது. அது போதிய அளவு நினைவுகூரப்படுவதில்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. மூன்றே ஆண்டுகளில், 1998-ல், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் ஐடிஆர்சி நிதியுதவியோடு புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கும் வில்லியனூர்தான் அதன் நடுமையம். அங்கே டயல்-அப் இணைப்பில் தகவலை இறக்கி, தமிழில் எழுதி, கம்பி போகாத கிராமங்களுக்கு வானொலி அலை வழியே அனுப்பினார்கள். மின்வெட்டுக்கு மாற்றாகச் சூரிய ஒளித் தகடுகள் இருந்தன. எம்பலத்தில் மையம் கோயில் இடத்தில் இயங்கியது. மீனவ ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயரக் கணிப்பை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதை மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள். கிராமம் இடம் தர வேண்டும், தன்னார்வலர்களைத் தர வேண்டும், சாதி பார்க்காமல் எல்லாருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கிராமத்தில் இணையத்துக்குத் தேவை இல்லை என்று அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகள் சொல்லப்பட்டு வந்ததை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தேவை 1998-லேயே வில்லியனூரைச் சுற்றி நிரூபிக்கப்பட்டது. நிரூபிக்கப்படாமல் நின்றது வேறு: நன்கொடை நிதியும் தன்னார்வமும் இல்லாமல் அந்த இணைப்பைப் பத்து ஆண்டுகள் உயிரோடு வைத்திருப்பது எப்படி என்ற கேள்வி.

அதற்கு வணிக வழியில் பதில் தேடியவர்கள் சென்னை ஐஐடியில் இருந்தார்கள். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லா உள்ளூர் இணைப்புத் தொழில்நுட்பத்தை வைத்து, என்-லாக் நிறுவனம் சிற்றூர்களில் இணைய நிலையங்கள் அமைத்தது. பண்ருட்டி–கடலூர் சாலையில் இருக்கும் நெல்லிக்குப்பத்தில், பாரி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு தரும் விவசாயிகளைச் சுற்றி ஒரு முயற்சி; மதுரை மாவட்டம் மேலூரில் இன்னொன்று. ஏறத்தாழ 50,000 ரூபாய் முதலீட்டில் உள்ளூர் இளைஞர் ஒருவர் நிலையம் நடத்துவார். வட்டார அளவில் ஒரு பங்காளி கோபுரத்தையும் பழுதையும் பார்த்துக்கொள்வார். அமைப்பு சரியானதுதான். நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகமும், தொடர்ந்து கிடைக்காத தொழில்நுட்ப உதவியும் அதைச் சாய்த்தன. மேலூர்ப் பக்கம் பல நிலையங்கள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. ஆனாலும் அந்த மூன்றடுக்கு யோசனை, அதாவது மேலே பெரிய நிறுவனம், நடுவில் வட்டாரப் பங்காளி, கீழே தெருவுக்குத் தெரிந்த ஆள் என்ற ஏற்பாடு, பின்னால் வேறு கைகளில் திரும்ப வந்தது.

இடையில் அரசின் முறை. 2004 பிராட்பேண்ட் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட்டை பிராட்பேண்ட் என்று வரையறுத்து, 2010-க்குள் 2 கோடி இணைப்புகள் என்று இலக்கு வைத்தது. 2010 முடிவில் கிடைத்தது சுமார் 1.1 கோடி. 2005-ல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் சேவையைத் தொடங்கியபோது, ஏற்கெனவே வீடுகளுக்குப் போயிருந்த தொலைபேசிச் செம்புக் கம்பியையே நம்பியது. அந்தக் கம்பியில் தூரம் கூடக் கூட வேகம் சரியும். எக்ஸ்சேஞ்சிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குப் பெயரளவுக்குத்தான் இணையம். பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால் இணைப்பில் இரைச்சல், சாலை வெட்டினால் ஒரு தெருவே துண்டிப்பு. அதற்குள் கைபேசி வந்துவிட்டது. 2005-06 வாக்கில் 5 கோடியைத் தொட்ட கம்பிவழித் தொலைபேசிகள், 2020 வாக்கில் சுமார் 2 கோடியாகக் குறைந்தன. 2020 ஜனவரி 31 அன்று, விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பிஎஸ்என்எல் ஊழியர்கள் சுமார் 78,000 பேர் ஒரே நாளில் வெளியேறினார்கள். எந்த வீட்டுக்கு எந்த விநியோகப் பெட்டியிலிருந்து (டிபி பாக்ஸ்) கம்பி போகிறது என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடிய லைன்மேன்களும் அவர்களில் இருந்தார்கள்.

இதோடு கம்பிவழி இணைப்பு முடிந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். நடந்தது நேர்மாறு. 2019 முடிவில் நாடு முழுவதும் 1.9 கோடியாக இருந்த கம்பிவழி பிராட்பேண்ட், 2024 முடிவில் 4 கோடியைத் தாண்டியது. ஊரடங்கும் வீட்டிலிருந்து வேலையும் ஒரு காரணம்; 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வந்து விலையை இறக்கியது இன்னொன்று. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் மூன்றாவது காரணம்தான் பெரியது என்பேன்: கேபிள் டிவிக்காரர். 1993-ல் சன் டிவி வந்த காலத்திலிருந்து தெருத்தெருவாகக் கம்பம் மாற்றிக் கம்பம் கேபிள் இழுத்தவர் அவர். மாதாமாதம் வீட்டு வாசலில் நின்று சந்தா வாங்குபவர். படம் வரவில்லை என்றால் திட்டு வாங்குபவரும் அவரே. 2011-ல் அரசு கேபிள் 70 ரூபாய்க்குச் சேனல்களைத் தந்ததும், பிறகு ஓடிடி வந்ததும் அவருடைய பழைய தொழிலை நெருக்கின. அந்த நேரத்தில்தான் பிஎஸ்என்எல்லும் தனியார் நிறுவனங்களும் வருமானத்தில் பங்கு தந்து ஃபைபர் இணைப்பை அவர் கையில் கொடுத்தன.

அந்த வேலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் வளர்ச்சியின் இயல்பு புரியும். எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பும் ஒரே இழை, ஸ்ப்ளிட்டர் பெட்டிகளில் கிளைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது, நொடிக்கு 2.5 கிகாபிட் கொள்ளளவை அத்தனை வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. இருபது கிலோமீட்டர் வரை போகலாம். செம்பைப் போலத் தூரத்தால் வேகம் சாவதில்லை. அறுந்தால், தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழையின் இரு முனைகளையும் சீவி, ஸ்ப்ளைசிங் மிஷினுக்குள் நேருக்கு நேர் வைத்து, மின்பொறியில் உருக்கி ஒட்ட வேண்டும். பவர் மீட்டர் மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே காட்டினால் மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும், நெட் போச்சு. இதெல்லாம் உள்ளூரில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. ஒரு மிஷினும் இரண்டு பையன்களும் ஒரு பைக்கும் இருந்தால் சில நூறு வீடுகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

பாரத்நெட் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2011 அக்டோபரில், இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் என்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் இணைக்க 2018-ல் டான்ஃபினெட் என்ற மாநில அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. டெண்டர் சர்ச்சையில் 2020-ல் ஒப்பந்தப்புள்ளி ரத்தாகி ஆண்டுகள் கழிந்தன. இணைப்புப் பெட்டி ஊராட்சி அலுவலகம் வரை வந்ததைச் சாதனையாகக் கணக்கிட்டார்கள். அங்கிருந்து வீடுகளுக்குக் கொண்டுபோகும் ஆள் யார் என்பது நெடுநாள் தீர்மானமாகவில்லை. விக்கிரவாண்டிக்கு இதில் ஒரு விசேஷச் சிக்கல்: ஊர் பேரூராட்சி, திட்டமோ கிராம ஊராட்சிகளுக்கானது. சுற்றுப்பட்டுக் கிராமங்கள் அரசுத் திட்டத்துக்குள், நடு ஊர் சந்தையின் கையில்.

கைபேசியே போதுமே என்பது வலுவான ஆட்சேபம். 2024 முடிவில் நாட்டின் பிராட்பேண்ட் இணைப்புகள் சுமார் 94 கோடி. அவற்றில் கம்பிவழி இருபதில் ஒரு பங்குகூட இல்லை. 2023-லிருந்து ஏர்ஃபைபர் என்ற பெயரில் 5ஜி அலையே வீட்டு இணைப்பாக விற்கப்படுகிறது. கம்பம் ஏறத் தேவையில்லை. ஒப்புக்கொள்கிறேன், சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கு அதுதான் முதலில் போகும், போகட்டும். ஆனால் கோபுரத்தின் கொள்ளளவை 32, 64 வீடுகள் அல்ல, சுற்றுவட்டாரமே பகிர்ந்துகொள்கிறது. மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் டிவி ஓடினால் அலைக்கற்றை திணறும். அந்தக் கோபுரத்துக்கே வேகம் தருவதும் ஃபைபர்தான். பள்ளியின் ஸ்மார்ட் வகுப்பறைக்கும், முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்கும் அலைவழி இணைப்பு துணைக்கு ஆகும், தூணாக ஆகாது.

உள்ளூர் கேபிள்காரரை நம்பினால் ஊர் அவருக்குக் குத்தகையாகிவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமான அச்சம். ஒரே தெருவில் ஒருவர் கம்பி மட்டும் ஓடினால், விலையும் பழுது பார்க்கும் நேரமும் அவர் வைத்ததே சட்டம். அதற்கு மருந்து அவரை விலக்குவதில் இல்லை. மின்கம்பங்களைப் பயன்படுத்தும் உரிமையை எல்லாருக்கும் ஒரே வாடகையில் திறந்து, இரண்டாவது ஆளையும் உள்ளே விடுவதில் இருக்கிறது.

கம்பம் என்றதும் புயல் நினைவுக்கு வராமல் போகாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் இதே வட்டாரத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைக் கடக்க, தெற்கு ரயில்கள் நின்றன. மின்கம்பத்தில் தொங்கும் இழை கம்பத்தோடு சாயும். எல்லாவற்றையும் புதைத்துவிடலாம் என்றால் செலவு பல மடங்கு. சாலை விரிவாக்கத்தில் ஜேசிபி அறுக்கும் ஆபத்து வேறு. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு அனுமதி பெற்ற திருத்திய பாரத்நெட் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது: ஊராட்சிகளை வளையமாக இணைப்பது, ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியே தரவு போகும். பத்து ஆண்டுப் பராமரிப்பும் ஒப்பந்தத்துக்குள் வருகிறது, 1.5 கோடி கிராம வீடுகளுக்கு இணைப்பு என்பது இலக்கு.

என் கணிப்பு இதுதான். விக்கிரவாண்டி, திண்டிவனம், விழுப்புரம் போன்ற கடைத்தெரு ஊர்களில் கம்பிவழி இணைப்பு அடுத்த சில ஆண்டுகள் வேகமாகப் பெருகும். அங்கே ஏணிக்காரர் ஏற்கெனவே இருக்கிறார், வருமானமும் இருக்கிறது. செஞ்சிச் சாலையிலும் உள்கிராமங்களிலும் ஏர்ஃபைபர் முந்திக்கொள்ளும். அங்கே ஃபைபர் நிலைக்குமா என்பது, அந்தப் பத்து ஆண்டுப் பராமரிப்புப் பணத்தில் எவ்வளவு மாவட்டத் தலைநகரின் ஒப்பந்ததாரரோடு நிற்கிறது, எவ்வளவு ஊராட்சியில் இருக்கும் ஆளின் கைக்கு வருகிறது என்பதைப் பொறுத்தது. அதை வெளியிலிருந்து அறிய இன்று வழியில்லை. எத்தனை கிலோமீட்டர் இழுத்தோம் என்ற கணக்கோடு, ஊராட்சி வாரியாக மாதத்தில் எத்தனை மணி நேரம் இணைப்பு செத்துக் கிடந்தது, சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆனது என்ற கணக்கையும் டான்ஃபினெட் கிராமசபையில் வைக்க வேண்டும்.