முதல் டிஎஸ்எல்ஆர் கேமரா: சென்னை மேற்குப் புறநகரை முன்வைத்து ஒரு வரலாறு

டிஎஸ்எல்ஆர் கேமரா என்பது, லென்ஸ் வழியாக வரும் ஒளியை உள்ளே சாய்வாகப் பொருத்தப்பட்ட ஒரு கண்ணாடியால் மேலே திருப்பி, படமெடுப்பவரின் கண்ணுக்குக் காட்டும் எண்முறைப் புகைப்படக் கருவியாகும். பொத்தானை அழுத்தும்போது கண்ணாடி மேலெழுந்து வழிவிட, ஒளி பின்னாலுள்ள உணரியில் விழுந்து படமாகப் பதிவாகிறது. லென்ஸைக் கழற்றி மாற்ற முடிவது இதன் முதன்மையான பண்பு. 2003-க்குப் பிறகான ஏறத்தாழ 15 ஆண்டுகளில், புகைப்படக் கலையைக் கற்கத் தொடங்கிய பெரும்பாலோரின் முதல் கேமராவாக இது இருந்தது. சென்னையின் மேற்குப் புறநகரான கரையான்சாவடி, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரமும் இதற்கு விலக்கல்ல. எந்தக் கேமராவை முதலில் வாங்குவது என்ற கேள்வி இன்று கடைக்காரரிடம் கேட்கும் கேள்வியாகத் தோன்றினாலும், கேமராவை யார் வைத்திருக்கலாம் என்ற நீண்ட வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது.

சென்னையில் கேமராவின் வருகை

1839-இல் பாரிசில் டாகுவேரின் படமெடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த 20 ஆண்டுகளுக்குள் சென்னையில் புகைப்படம் வேரூன்றிவிட்டது. மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார்; இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சியே. 1850-களின் நடுவில் சென்னைப் புகைப்படச் சங்கம் உருவானதிலும் ஹண்டருக்குப் பெரும் பங்கு உண்டு.

அதே காலத்தில் கிழக்கிந்திய நிறுவனப் படையின் அதிகாரியான லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1858-ஆம் ஆண்டை ஒட்டி அவர் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 6 மீட்டர் நீளப் படமாக அமைத்தது அவருடைய சாதனை. ஆனால் 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், இதை அரசுப் பணத்தில் நடக்கும் ஆடம்பரம் என்று கருதி நிறுத்திவிட்டார். கேமரா தேவையா, ஆடம்பரமா என்ற வழக்கு இங்கு அவ்வளவு பழையது. முதல் கேமரா கேட்கும் பிள்ளைக்கும் வீட்டுச் செலவைக் கணக்கிடும் பெற்றோருக்கும் இடையே இன்றும் அதே வழக்குதான் நடக்கிறது.

பிலிம் காலத்து முதல் கேமரா

1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கோடாக் கேமராவும், 1900-இல் 1 டாலருக்கு விற்கப்பட்ட பிரவுனி பெட்டிக் கேமராவும் புகைப்படத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தன. இந்தியாவில் அந்த இடத்தைப் பிற்காலத்தில் பிடித்தது, பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3. 120 பிலிம் சுருளில் 12 சதுரப் படங்கள் எடுக்கும் இந்த எளிய கேமரா, பல குடும்பங்களின் முதல் கேமராவாக இருந்தது.

பிலிமுக்காக வெளிநாட்டை நம்பியிருக்கும் நிலையை மாற்ற, நடுவண் அரசு 1960-இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. 1967-இல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு-வெள்ளைப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து வந்தன. எண்முறைப் புகைப்படம் பரவியபின் அந்த ஆலை நலிந்து மூடப்பட்டது.

இக்காலத்தின் குறிப்பிடத்தக்க தமிழ்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணன் (1912–1996). எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான இவர் காட்டுயிர்களைக் கறுப்பு-வெள்ளையில் படமெடுத்தார். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தானே இணைத்து அமைத்துக்கொண்ட கனத்த கேமராவுக்கு அவர் 'சூப்பர் பாண்டரோசா' என்று விளையாட்டாகப் பெயரிட்டிருந்தார். கடையில் கிடைப்பதைவிடத் தனக்கு எது தேவை என்பதிலிருந்து கருவியைத் தீர்மானித்தவருக்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு.

பிலிம் காலத்தில் கேமராவின் விலையைவிடப் பழகும் செலவே பெரிய தடையாக இருந்தது. 36 படங்களுக்கு ஒரு சுருள். அதைக் கழுவ, அச்சிடத் தனிக் கூலி. தவறு எங்கே நேர்ந்தது என்று தெரிய நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனவே தொழிலைக் கற்க விரும்பியவர்கள் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளராகச் சேர்ந்து, விளக்குப் பிடித்து, இருட்டறையில் வேலை செய்து, பல ஆண்டுகளுக்குப் பின்னரே முதலாளியின் கேமராவைத் தொட்டனர்.

எண்முறைக்கு மாற்றம்

1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி உணரியை உருவாக்கினர். 2009-இல் இதற்காக நோபல் பரிசு பெற்றனர். 1975-இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் கையடக்க எண்முறைக் கேமராவைச் செய்தார். 10,000 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை நாடாவில் பதிய அதற்கு 23 வினாடிகள் பிடித்தன.

1991-இல் கோடாக் வெளியிட்ட டிசிஎஸ், நிக்கான் எஃப்3 உடலில் 1.3 மெகாபிக்சல் உணரியைப் பொருத்தியது. படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளில் தனியாகச் சுமக்க வேண்டும். 1999-இல் வந்த 2.7 மெகாபிக்சல் நிக்கான் டி1 செய்தி நிறுவனங்களை எண்முறைக்கு மாற்றியது. ஆயினும் தனியாட்களுக்கு இவை எட்டாக் கனியாகவே இருந்தன.

திருப்பம் 2003-இல் வந்தது. கேனான் இஓஎஸ் 300டி என்ற 6.3 மெகாபிக்சல் கேமரா, 18–55 மி.மீ. லென்ஸுடன் 1,000 டாலருக்குக் கீழ் விற்கப்பட்டது. 2004-இல் நிக்கான் டி70, 2006-இல் டி40, 2008-இல் கேனான் 1000டி என்று தொடக்கநிலைக் கேமராக்கள் வரிசையாக வந்தன. எடுத்த படத்தை அக்கணமே திரையில் பார்க்க முடிந்தது. எந்த வேகம், எந்தத் துளை, எந்த ஐஎஸ்ஓ என்ற விவரமும் படத்தோடு பதிவானது. ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்து பெற வேண்டிய அறிவின் ஒரு பகுதியை, தன் தவறுகளைத் தானே பார்த்துப் பெறும் வழி இதனால் திறந்தது.

கரையான்சாவடி வட்டாரம்

கரையான்சாவடி, பூந்தமல்லியை ஒட்டிப் பழைய பெங்களூர்ச் சாலையில் அமைந்த பகுதி. வழிப்போக்கர் தங்கும் இடத்தைக் குறிக்கும் 'சாவடி' என்ற சொல்லை இவ்வூரும் அடுத்துள்ள குமணன்சாவடியும் பெயரில் தாங்கியுள்ளன. இன்று கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரையிலான மெட்ரோ தடத்தில் கரையான்சாவடி ஒரு நிலையம்.

இவ்வட்டாரத்தில் கேமரா வாங்குவோரின் தேவைகள் சுற்றுப்புறத்தைச் சார்ந்தவை. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் 1960-களிலிருந்து வளர்த்த உழைக்கும் குடும்பங்கள் இங்கு மிகுதி. நெடுஞ்சாலையோரத் திருமண மண்டபங்கள், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கோயில் திருவிழா ஆகியவை புகைப்படத்தொழிலுக்கு வேலை தருகின்றன. செம்பரம்பாக்கம் ஏரி, ஆவடி பருத்திப்பட்டு ஏரி, போரூர் ஏரி ஆகியவை பறவைகளைப் படமெடுக்க ஏற்ற இடங்கள். செம்பரம்பாக்கம் அருகிலுள்ள திரைப்பட நகரம் திரைத்துறையையும் அண்டையில் கொண்டுவந்தது. மண்டபத்துக்குப் பொருந்தும் கருவி ஏரிக்கரைக்குப் பொருந்தாது என்பதால், எதைப் படமெடுக்கப் போகிறோம் என்பதே தேர்வின் முதற்படியாகிறது.

எதை முதலில் கவனிப்பது

தொடக்கநிலையினர் பெரும்பாலும் மெகாபிக்சல் எண்ணிக்கையை ஒப்பிட்டுக் கேமராவைத் தேர்ந்தெடுத்தனர். உண்மையில் படத்தைத் தீர்மானிப்பவை லென்ஸும் ஒளியுமே.

கேமராவுடன் வரும் 18–55 மி.மீ. லென்ஸின் பெருமத் துளை, அதன் நீண்ட முனையில் எஃப் 5.6. தனியாக வாங்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். மங்கலான மண்டபத்தில் முதல் லென்ஸுக்கு 1/15 வினாடி தேவைப்பட்டால், இரண்டாவதற்கு 1/125 வினாடியே போதும். தாலி கட்டும் கணத்தில் மணமக்களின் கை அசைந்தாலும் படம் கலங்காது. விலையுயர்ந்த உடலுக்குச் செலவிட்டு லென்ஸுக்குப் பணமின்றி நின்றவரைவிட, எளிய உடலும் இந்த லென்ஸும் வாங்கியவர் மண்டபத்தில் நல்ல படம் எடுத்தார்.

இதில் ஒரு பொறியும் உண்டு. நிக்கான் டி40 முதல் டி3000, டி5000 வரிசை வரையிலான தொடக்கநிலை உடல்களில் குவிய மோட்டார் கிடையாது. ஆகவே பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸை மாட்டினால் தானாகக் குவியாது. கையால் திருப்ப வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள வகையைத்தான் வாங்க வேண்டும். 2009-இல் வந்த 35 மி.மீ. எஃப் 1.8ஜி இதற்குத் தீர்வாயிற்று. கேனானில் 1987-இல் அறிமுகமான இஎஃப் வகை லென்ஸ்கள் மோட்டாரைத் தம்முள்ளேயே கொண்டிருந்ததால் இச்சிக்கல் எழவில்லை.

உணரியின் அளவும் கணக்கில் வரும். தொடக்கநிலைக் கேமராக்களின் உணரி, 36×24 மி.மீ. முழுச் சட்டத்தைவிடச் சிறியது. அதனால் 50 மி.மீ. லென்ஸ் நிக்கானில் 75 மி.மீ., கேனானில் 80 மி.மீ. அளவுக்கு நெருக்கமான காட்சியைத் தரும். சிறிய அறையில் குடும்பப் படம் எடுப்பவருக்கு இது இடைஞ்சல். ஏரிக்கரையில் 70–300 மி.மீ. லென்ஸுடன் நாரையைத் தேடுபவருக்கு இதுவே ஆதாயம்.

மேலும், லென்ஸ் பொருத்தும் வாய் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். முதல் கேமராவோடு ஒருவர் அந்நிறுவனத்தின் லென்ஸ் குடும்பத்துக்குள் நுழைகிறார். பிறகு மாறுவது என்றால் எல்லாவற்றையும் விற்க வேண்டும். இதனால்தான் நண்பர்களும் உள்ளூர் ஸ்டுடியோக்காரரும் வைத்திருக்கும் நிறுவனத்தையே பலரும் தேர்ந்தெடுத்தனர். மண்டப வேலை அன்று ஒரு லென்ஸைக் கடன் வாங்க முடிவது, விவரப் பட்டியலில் இல்லாத பெரிய வசதி.

பழைய கேமராச் சந்தை

புதியது வாங்க இயலாதோர் பழைய கேமராவை நாடினர். சென்னையில் மின்னணுப் பொருட்களுக்கு ரிச்சி தெருவும், வெளிநாட்டுப் பொருட்களுக்குப் பர்மா பஜாரும் பெயர்பெற்றவை. பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கும்போது மூடி எத்தனை முறை இயங்கியுள்ளது என்ற எண்ணிக்கையைப் பார்ப்பது வழக்கம். தொடக்கநிலை உடல்கள் பலவற்றின் மூடி 1 லட்சம் படங்களுக்குச் சோதிக்கப்பட்டது. திருமண வேலைக்கு உழைத்த கேமரா சில ஆண்டுகளிலேயே அந்த எண்ணிக்கையை நெருங்கிவிடும்.

கடலோர ஈரப்பதம் நிறைந்த சென்னையில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது பொதுவான கேடு. லென்ஸின் வழியே டார்ச் ஒளியைப் பாய்ச்சினால் சிலந்தி வலை போன்ற இழைகள் தெரியும். மழைக்காலத்தில் பையில் பூட்டி வைப்பதைவிட, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பது நல்லது. வாங்கிய ரசீது, இயல்பான பேட்டரி, கீறலற்ற உணரி ஆகியவையும் பார்க்கப்பட வேண்டியவை.

திரையும் ஆவணமும்

2008-இல் வந்த நிக்கான் டி90 காணொளி எடுக்கும் முதல் டிஎஸ்எல்ஆர் ஆயிற்று. அதே ஆண்டு கேனான் 5டி மார்க் 2 முழு உயர்தெளிவுக் காணொளியைத் தந்தது. இதன் விளைவு தமிழ்த் திரையிலும் தெரிந்தது. பாலாஜி சக்திவேல் இயக்கி 2012-இல் வெளியான 'வழக்கு எண் 18/9' படத்தை ஒளிப்பதிவாளர் விஜய் மில்டன் கேனான் 7டி கேமராவில் எடுத்தார். அப்படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. திருமணப் படத்துக்கு வாங்கிய கேமராவிலேயே குறும்படமும் எடுக்கலாம் என்ற நம்பிக்கை இளைஞர்களிடம் வலுப்பட்டது.

படமெடுக்கப்படுபவர்களாக மட்டும் இருந்தவர்கள் படமெடுப்பவர்களானதும் இக்காலத்தில்தான் பரவலாயிற்று. மதுரையில் மீன் விற்கும் தாயின் மகனான எம். பழனி குமார், மலக்குழி மரணங்களைப் பேசிய 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். பின்னர் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்பிப்பதிலும் ஈடுபட்டார். கேமரா ஆடம்பரமா என்ற 1859-ஆம் ஆண்டுக் கேள்விக்கு இது ஒரு மறுமொழி.

இன்றைய நிலை

2018-இல் கேனானும் நிக்கானும் முழுச் சட்ட அளவில் கண்ணாடியற்ற கேமரா வரிசைகளைத் தொடங்கின. 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் மாதிரிகள் அநேகமாக வரவில்லை. எனினும் பழைய லென்ஸ்களை இணைப்பான் வழியாக அதே நிறுவனத்தின் புதிய உடல்களில் பொருத்தலாம். இதனால் டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் விலை பழைய சந்தையில் இறங்கியுள்ளது; அன்று வல்லுநர்கள் பயன்படுத்திய மாதிரிகளும் இன்று மாணவர்களுக்கு எட்டுகின்றன.

ஆகவே இன்று முதல் கேமராவாக டிஎஸ்எல்ஆரைத் தேர்ந்தெடுப்பவர், எதிர்காலத் தொழில்நுட்பத்தை வாங்குவதில்லை; குறைந்த செலவில் ஒளி, வேகம், துளை ஆகியவற்றைக் கையால் கற்கும் ஒரு பள்ளியை வாங்குகிறார். முழுநேரத் தொழிலுக்கும் காணொளிக்கும் கண்ணாடியற்ற வகை பொருத்தம். வார இறுதியில் செம்பரம்பாக்கம் கரையில் பழகவும், உறவினர் வீட்டு விசேஷத்தில் கைதேறவும் பத்தாண்டு பழைய உடலும் ஒரு நல்ல லென்ஸுமே போதுமானவை.